சண்முகத்துக்கு, பிள்ளைகளுக்கான படங்கள் பற்றி

புதுச்சேரி
ஏப்ரல் 20

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்திருப்பதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். வெயில்தான் காலை எட்டு மணிக்கே கடற்கரைச் சாலையிலிருந்து விரட்டிவிடுகிறது.

விடுமுறைக்கு மஞ்சக்குப்பத்தில் நூலக மாடியில் அனிமேஷன் படம் போடப்போகிறோம், பிடித்தது பிடிக்காதது எல்லாம் எழுது என்று கேட்டிருக்கிறாய். என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான். சத்தத்தை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பார். யாருக்கு என்ன வேண்டும், யார் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் உருவங்களின் நடையிலேயே தெரிய வேண்டும். வாய் மட்டும்தான் அசைகிறது என்றால் அந்தப் படம் வேண்டாம்.

முதல் நாள் ‘ஃப்ளோ’ போடு. லாட்வியாக்காரர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் எடுத்தது, 2025இல் ஆஸ்கர் வாங்கியது. ஓடுவது 85 நிமிடம்; வசனம் ஒரு வரி கிடையாது, அதனால் டப்பிங், சப்டைட்டில் தொல்லையும் இல்லை. வெள்ளத்தில் ஒரு பூனையும் நாயும் குரங்கு போன்ற லெமூரும் கேப்பிபரா என்ற பெரிய எலி இனத்து விலங்கும் நெடுங்கால் பறவையொன்றும் ஒரே படகில் போகின்றன. கெடிலமும் பெண்ணையாறும் பெருகிப் பார்த்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் விளக்க எதுவும் இல்லை. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்த படம். முடி முடியாகத் தெரியாது, பெயிண்ட் பூசியது போலத்தான் இருக்கும். ஆனால் பூனை பூனையாகவே நடக்கிறது, ஒரு இடத்தில்கூட மனிதச் சிரிப்பு சிரிக்காது. கேப்பிபராவின் நிஜக் குரல் கீச்சென்று இருந்ததால் ஒட்டகக் குட்டியின் குரலைப் போட்டிருக்கிறார்கள், அதைப் படம் முடிந்த பிறகு சொல். கடைசியில் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்று வரும். சின்னதுகள் அழும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

என் உயிர் ஜப்பான் இயக்குநர் மியாசாகியின் ‘மை நெய்பர் டொட்டோரோ’வில்தான் இருக்கிறது. 1988ஆம் வருடத்துப் படம், 86 நிமிடம். வில்லன் இல்லை, சண்டை இல்லை. மழையில் பஸ் ஸ்டாப்பில் அக்கா நிற்கிறாள், முதுகில் தங்கை தூங்குகிறாள். பக்கத்தில் வந்து நிற்கிற பெரிய உருவத்தின் தலையில் மழைக்கு ஒரே ஓர் இலை. அவள் அப்பாவின் குடையைக் கொடுக்கிறாள். மரத்திலிருந்து ஒரு சொட்டு குடைமேல் விழுகிறது; அந்தச் சத்தம் அதற்குப் பிடித்துவிடுகிறது. உடனே எம்பிக் குதிக்க, மரத்துத் தண்ணீரெல்லாம் மொத்தமாகக் கொட்டுகிறது. நடப்பது இவ்வளவுதான், வசனமும் சொற்பம். இதை அவசரப்படுத்தாமல் விட்டிருக்கிறாரே, அதற்குத்தான் தைரியம் வேண்டும். இன்றைய படங்களில் மூன்று நொடி யாராவது சும்மா இருந்தால் உடனே ஒரு ஜோக் வந்து விழுகிறது.

‘ஃபைண்டிங் நீமோ’ நல்ல படம். ஆனால் ஆரம்பத்திலேயே அம்மா மீனைப் பெரிய மீன் தின்றுவிடும். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் முன்கூட்டியே சொல்லிவை.

இனி பிடிக்காதவை. ‘தி லயன் கிங்’ 1994ஆம் வருடத்துப் படத்தைப் போடு, 2019இல் வந்ததை விடு. நிஜச் சிங்கத்துக்கு மனிதனைப் போல நெரிக்கப் புருவம் கிடையாது, உதடும் அப்படி வளையாது. கையால் வரைந்தவர்கள் அதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நிஜம்போலக் காட்ட வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். அப்பன் செத்துக் கிடக்கும்போதும் குட்டியின் முகம் மாறுவதில்லை. தமிழில் சிங்கம்புலியும் ரோபோ சங்கரும் கொடுத்த குரல்தான் அந்தப் படத்துக்கு உயிர். ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ (2004), நம்ம ‘கோச்சடையான்’ (2014) இரண்டிலும் வேறொரு சிக்கல். நடிகர் உடம்பில் புள்ளி ஒட்டி அசைவைப் பதிவு செய்தால் கைகால் வந்துவிடும். பார்வை எங்கே நிற்கிறது, இமை எப்போது மூடுகிறது, பேசும்போது கன்னத்துத் தோல் எப்படி இழுபடுகிறது என்பதை ஒருவர் உட்கார்ந்து கையால் திருத்தினால்தான் உண்டு. திருத்தம் போதாத முகத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஏனோ பயமாக இருக்கும். ரஜினி என்பதால் நம்மவர்கள் கைதட்டுவார்கள், அது வேறு விஷயம்!

டிவியில் போடுவதானால் ஒரு காரியம் முக்கியம். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது அசையாத ஒற்றைப் படங்கள், ஓடினாலும் கையால் வரைந்த படத்தில் ஒரே ஓவியத்தைப் பெரும்பாலும் இரண்டு ஃபிரேமுக்கு வைத்திருப்பார்கள், ஜப்பானில் மூன்றுக்கும்கூட. புது டிவிகள் இடையில் தாமே ஃபிரேம் செய்து சொருகிவிடும். ஓவியம் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிவது அதனால்தான். 2018இல் வந்த ‘ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில், கற்றுக்குட்டிப் பையனை நொடிக்கு 12 அசைவிலும் கைதேர்ந்தவனை 24 அசைவிலும் காட்டுவார்கள். டிவி அந்த வித்தியாசத்தையே அழித்துவிடும். செட்டிங்ஸில் பிக்சர் பகுதிக்குள் போ. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி. அணைத்துவிடு. கண்ணைக் குத்துகிற ‘விவிட்’ நிறத்தையும் மாற்று.

புரொஜெக்டர் என்றால் ஏழு மணிக்கு முன்னால் ஆரம்பிக்காதே, மாடியில் வெளிச்சம் தங்கியிருக்கும். ‘கோரலைன்’ மாதிரி இருட்டுப் படம் எதுவும் எடுபடாது. சாதாரண புரொஜெக்டருக்கு எட்டடி அகலத் திரைக்குச் சுமார் பன்னிரண்டடி தூரம் வேண்டும். திரையாக வெறும் வேட்டியைக் கட்டினால் வெளிச்சம் பின்னால் கசிந்து படம் வெளுக்கும், பின்புறம் கறுப்புத் துணி கொடு. கடல்காற்றில் படபடக்கும் என்பதால் கீழ் ஓரத்தைத் தைத்து ஒரு பிவிசி பைப்பை நுழைத்துவிடு. ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வை. ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், வயரே போடு.

டப்பிங் படம் தேர்ந்தெடுக்கும்போது ப, ம வருகிற இடத்தில் உதடு மூடுகிறதா என்று கவனி. அது தவறாமல் இருந்தால் எழுதியவர் அக்கறை எடுத்திருக்கிறார் என்று நம்பலாம்.

இன்னொன்று உண்டு, ‘கிரிகூ’. மிஷேல் ஓஸ்லோ 1998இல் செய்த பிரெஞ்சுப் படம். ஊரே மந்திரக்காரியைக் கெட்டவள் என்கிறது. அவள் ஏன் கெட்டவள் என்று ஒரு பொடியன் மட்டும் கேட்டுக்கொண்டே போகிறான். ஆப்பிரிக்கக் கிராமம், பிள்ளைகள் துணியில்லாமல் ஓடும், பெண்களும் மேலே மறைத்திருக்க மாட்டார்கள். நூலகரிடம் முன்பே காட்டிவிடு, பாதியில் நிறுத்தச் சொன்னால் சங்கடம். பிரான்சிலிருந்து வந்த டிவிடி இரண்டாம் ரீஜியன் (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதற்கான எண்), நம்ம ஊர் பிளேயர் ஐந்தாம் ரீஜியன், எல்லாப் பெட்டியிலும் ஓடாது. இங்கே அலியான்ஸ் பிரான்சேஸில் கேட்டுப் பார்க்கிறேன். கிடைத்தால், உன் பிளேயர் எல்லா ரீஜியனையும் எடுக்குமா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
ராமு