செயலாளரின் ஆண்டறிக்கை: நீர்நிலைகளில் அயல் களைத் தாவரங்கள் அகற்றும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வருகை தந்துள்ள உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி உரிய காலங்களில் கூடியது. மரக்கன்று நடும் விழா வழக்கம்போல் நடைபெற்றது. மதகருகே ஆகாயத்தாமரை அள்ளப்பட்டது. அள்ளியதைக் கரையிலேயே குவித்ததால் அடுத்த மழையில் அதில் ஒரு பகுதி மீண்டும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் காயப்போட வேண்டும் என்று நான் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. பார்த்தீனியக் களையை ஒழிக்க மெக்சிகோ வண்டை விட்டாலே போதுமே என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அவ்வண்டு மழைக்காலத்தில் இலையை நன்றாகத் தின்னும். ஈரம் குறைந்ததும் மண்ணுக்குள் அடங்கிவிடும். ஆகவே பூக்கும் முன் கையுறை அணிந்து பிடுங்குவதைக் கைவிட இயலாது.

இனி, சீமைக்கருவேலம். வரத்துக் கால்வாயிலும் குளத்துக்குள்ளும் அடர்ந்திருந்த மரங்களை இயந்திரம் வைத்து ஒரே வாரத்தில் வெட்டித் தள்ளியிருக்கலாமே, செயலாளர் எதற்காக ஆண்டு முழுவதும் இழுத்தடித்தார் என்று சிலர் வெளியில் பேசுவதாக அறிகிறேன். கூட்டத்தில் யாரும் எழுப்பாத அக்கேள்விக்குக் கூட்டத்திலேயே விடை கூறிவிடுகிறேன். இம்மரம் வெட்டினால் சாவதில்லை. தூரின் கழுத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே உறங்கும் மொட்டுகள் உண்டு. மேல்தண்டு போனதும் அவை ஒன்றாகக் கிளம்பி, ஒற்றை மரமாக நின்றதைப் புதராக்கிவிடும். எனவே தூரைச் சுற்றி ஏறத்தாழ ஓர் அடி ஆழம் தோண்டி, கழுத்துக்குக் கீழே வேரை அறுத்தெடுக்க வேண்டும். முந்தைய நிர்வாகத்தின்போது தரையோடு வெட்டிப் படமும் எடுத்துக்கொண்ட வடகரையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: கோடாரித் தழும்பு மாறாத கட்டை ஒவ்வொன்றையும் சுற்றி விரல் பருமனில், முள்ளும் தானுமாகக் கொத்துக்கொத்தாக எழுந்து நிற்கிறது, ஆள் நுழைய வழியில்லை.

வேரோடு எடுத்த இடத்திலும் வேலை தொடர்கிறது. முற்றிய நெற்று இனிப்பாக இருப்பதால் கால்நடைகள் விரும்பித் தின்கின்றன. கெட்டி ஓடுள்ள விதை செரிக்காமல் புழுக்கையோடும் சாணத்தோடும் விழுந்து, அந்த எருவிலேயே முளைக்கிறது. மழை பெய்த சில வாரங்களுக்குள் என்றால் நாற்று கையோடு வந்துவிடும். தவறவிட்டால் கடப்பாரை வேண்டும். தொடக்க நாளன்று மேடையில் நிற்க இடமில்லை. நாற்றுப் பிடுங்க அழைத்த ஞாயிற்றுக்கிழமைகளிலோ வருகைப் பதிவேட்டில் திரும்பத் திரும்ப அதே சில கையெழுத்துகள்தாம், அவற்றிலும் பெண்களுடையவையே மிகுதி. நெற்று உதிரும் காலத்தில் கால்வாய்ப் பக்கம் ஆடு ஓட்டுவதில்லை என்ற தீர்மானத்தில் கையெழுத்திட்ட இருவரின் ஆடுகள் அங்கேயே மேய்ந்ததை நேரில் கண்டேன். பெயர்களைக் குறிப்பிடவில்லை, அவர்களும் இன்று வந்திருக்கிறார்கள்.

சீமைக்கருவேல விறகைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களின் வருத்தம் மட்டும் வேறு வகை, அது நியாயமானது. அகற்றிய விறகையும் தூரையும் உரிய அனுமதி பெற்று அவர்களுக்கே கொடுத்தோம். கரைச் சரிவில் தோண்டினால் மண் இளகும் என்பதால், அங்கே குழிகளை உடனே மூடி வெட்டிவேர் நட்டிருக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாக, வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். பெரும்பகுதி இயந்திர வாடகைக்கும் டீசலுக்கும் போயிற்று. சில ரசீதுகள் இன்னும் வரவேண்டியுள்ளன. சந்தா பாக்கியுள்ளோர் பட்டியலை வாசித்தால் கூட்டம் நீளும் என்பதால் வாசிக்கவில்லை.

ஒத்துழைத்த ஊராட்சி மன்றத்துக்கும், கருவிகள் தந்து உதவியவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் புதிய இடம் எதையும் தொடவேண்டாம் என்பது என் பரிந்துரை. எடுத்த இடத்தைக் காக்கவே ஆள் போதவில்லை. இளையவர் எவரேனும் இப்பொறுப்பை ஏற்க முன்வந்தால் பதிவேடுகளை மனமுவந்து ஒப்படைப்பேன். முன்வராத நிலையில் தொடர்வதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு ஒருவராவது கால்வாய்த் தலைப்புக்கு வரவேண்டும். கையுறையும் கடப்பாரையும் சங்கத்தில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருப்பார்.

செயலாளர்