புல்ஃபிராக்கை வெறும் கடத்தி என்று எழுதாதே

அன்புள்ள கயல்,

பதில் தாமதமாகிவிட்டது, திட்டிக்கொள். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? சுகந்தி இன்னும் பாம்பை விடவில்லை, பாம்பும் அவளை விடுவதாக இல்லை.

கலிஃபோர்னியாக் குளங்களில் புல்ஃபிராக் என்ற பெரிய அமெரிக்கத் தவளையிடம், தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை இருக்கிறதா என்று தேடும் உன் திட்ட வரைவைப் படித்தேன். "கைட்ரிட் பூஞ்சை புல்ஃபிராக்கை ஒன்றும் செய்யாது, அது வெறும் கடத்தி" (அதாவது தான் நோயுறாமல் பிற தவளைகளுக்குப் பரப்புவது மட்டுமே) என்ற வரியை முதலில் அடித்துவிடு. மாதிரி எடுக்கும் முறை முழுவதும் அந்த ஒரு வரியால்தான் கோணலாகிவிட்டது.

2004-இல் ஆய்வகத்தில் பூஞ்சை தொற்றிய புல்ஃபிராக்குகளுக்கு நோய் வரவில்லை என்று பார்த்தார்கள். அதுவே வேதவாக்காகிவிட்டது. 2013-இல் முட்டையிலிருந்து வளர்த்து, அப்போதுதான் உருமாறிய குட்டித் தவளைகளுக்குப் பூஞ்சையின் இரண்டு ஸ்ட்ரெயின்களை (உள்வகைகளை)த் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று கொன்றது, மற்றது கொல்லவில்லை. இரண்டிலுமே தோலில் இருந்த பூஞ்சைச் சுமை நாளாக ஆகக் குறைந்தது. 2015-இல் வேறு பல ஸ்ட்ரெயின்களை வைத்துச் சோதித்தபோது தவளைகள் தாக்குப்பிடித்தன. ஆக, எந்த ஸ்ட்ரெயின், எந்த ஊர்த் தவளை, என்ன வயது என்று சொல்லாமல் "தாங்கும்" என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை.

வயதுதான் முக்கியம், கயல். இந்தப் பூஞ்சைக்கு, தோலைக் கெட்டியாக்கும் புரதமான கெரட்டின் வேண்டும். தலைப்பிரட்டைக்கு அது வாய்ப்பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் தொற்றினாலும் அது சாகாமல் நீந்திக்கொண்டிருக்கும். புல்ஃபிராக் தலைப்பிரட்டை ஓராண்டு, குளிர்ந்த இடமென்றால் இரண்டாண்டுகூட, தண்ணீரிலேயே கிடக்கும். பெரிய தவளை பூஞ்சையை உதறிவிட்டாலும் குளத்தில் தொற்று தீராததற்கு இதுவும் ஒரு காரணம். உருமாறும்போது உடம்புத் தோல் முழுவதும் கெரட்டின் ஏறுகிறது, வாயிலிருந்த தொற்று அங்கே பரவுகிறது. தோல் வழியே சோடியமும் பொட்டாசியமும் சரியாகப் போய்வராமல் கடைசியில் இதயம் நின்றுபோகும். நீயோ வளர்ந்த தவளைகளை மட்டுமே பட்டியலில் போட்டிருக்கிறாய்! தலைப்பிரட்டையையும், வால் மறைந்துகொண்டிருக்கும் குட்டிகளையும் கட்டாயம் சேர்.

ஆகஸ்டில் மட்டும் எடுக்கும் மாதிரியை நம்பாதே. இந்தப் பூஞ்சை 17 முதல் 25 டிகிரி வரை நன்றாக வளரும், 28-க்கு மேல் தளர்ந்துவிடும். வெயிலில் கிடந்த குளத்தில் பூஜ்யம் வந்தால் குளம் சுத்தம் என்று பொருளில்லை. வசந்தத்திலும் ஒருமுறை போ.

அடுத்தது ஸ்வாப், அதாவது பஞ்சுக்குச்சியால் தோலைத் தடவி மாதிரி எடுக்கும் விஷயம். பிடித்த தவளைகளை ஒரே வாளியில் போட்டால் ஒன்றின் தொற்று எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும். தவளைக்கு ஒரு பை, தவளைக்கு ஒரு புதுக் கையுறை. சேற்றைச் சுத்தமான தண்ணீரில் அலசிவிட்டு, வயிறு, இரு உள்தொடைகள், இரு பின்னங்கால் சவ்வுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து இழுப்பு. தலைப்பிரட்டைக்கு ஸ்வாப் நுனியை வாயில் வைத்து மெதுவாகச் சுழற்று. சேறு ஒட்டியிருந்தால், பூஞ்சையின் டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் க்யூபிசிஆர் சோதனை தடைபட்டு, தொற்று இருந்தும் இல்லை என்று காட்டும். டிஎன்ஏவைப் பத்துக்கு ஒன்று நீர்த்து ஓட்டு, சந்தேகமென்றால் நூறுக்கு ஒன்று. குளத்துக்கு ஒரு ஸ்வாப்பைத் திறந்து, எதையும் தொடாமல் மூடி அதையும் சேர்த்து அனுப்பு. அதில் பூஞ்சை தெரிந்தால் உன் கையாளுதலில்தான் கோளாறு.

பூட்ஸை முதலில் பிரஷ்ஷால் தேய்த்து மண்ணைப் போக்கு. மண் இருந்தால் ப்ளீச் வீணாகிவிடும். பிறகு ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடமாவது ஊறட்டும். வலைகளை அடுத்த குளத்துக்குப் போவதற்குள் முற்றிலும் காயவை. முழுசாகக் காய்ந்தால் மூன்று மணி நேரத்தில் பூஞ்சை செத்துவிடும். அரைகுறை ஈரம்தான் ஆபத்து.

புல்ஃபிராக், சாப்பாட்டுக்காக 1896 வாக்கில் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்து விட்ட தவளை. அந்த மண்ணுக்கே உரிய செங்கால் தவளையை அதுவே தின்றும் தீர்க்கிறது. உன் இடத்தில் அனுமதி கிடைத்தால், குளத்தைக் கோடைக் கடைசியில் முழுவதும் வற்ற விடும் திட்டத்தையும் வரைவில் போடு. நிரந்தரத் தண்ணீர் இல்லாவிட்டால் அந்த ஓராண்டுத் தலைப்பிரட்டைகள் பிழைக்காது. செங்கால் தவளையின் பிரட்டைகள் பெரும்பாலும் அதே கோடையில் உருமாறிவிடும், ஆனால் அவை கரையேறிய பிறகே மடையைத் திற.

திருத்திய வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. ஸ்ட்ரெயின் பற்றிய பத்தியை நான் பார்த்துத் தருகிறேன்.

உன்,
ராதா