டெண்டரில் ‘பிம் மாடல்’ என்று ஒரு வரி போதாது: சேலம் மாவட்டக் கட்டடப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். சேலம் மாவட்டத்தில் அரசு மருத்துவமனை, கல்லூரி, அலுவலக வளாகம் என்று பெரிய கட்டடங்களுக்கு டெண்டர் ஆவணம் தயாரிக்கும் உங்களுக்கு இந்த மடல். உங்களுக்கு வரைந்து கொடுக்கும் ஆர்கிடெக்டுகளும் கன்சல்டன்டுகளும் கூடவே படித்தால் நல்லது.

பிம் (BIM) என்பது கட்டடத்தின் பாகங்களைத் தகவலோடு முப்பரிமாணத்தில் காட்டும் கணினி மாடல். அதைக் கேட்கும் டெண்டர்களில் பெரும்பாலும் ஒற்றை வரிதான் இருக்கும்: “ஒப்பந்ததாரர் எல்.ஓ.டி. 500 தரத்தில் பிம் மாடல் சமர்ப்பிக்க வேண்டும்.” (எல்.ஓ.டி. என்பது மாடல் எவ்வளவு விவரமானது, எவ்வளவு நம்பத்தக்கது என்பதைச் சொல்லும் எண்.) யாரிடம், எப்போது, எந்த ஃபார்மட்டில், எதற்காக என்ற பேச்சே இருக்காது. பிறகு நடப்பது தெரிந்ததுதான். கட்டடம் முடிந்தபின் யாரோ பி.டி.எஃப்.-ஐப் பார்த்து முப்பரிமாணத்தில் வரைந்து, பென்டிரைவில் போட்டு, கடைசி பில்லோடு இணைப்பார். பீரோவுக்குள் போகும் அந்தப் பென்டிரைவை யாரும் திறக்கப்போவதில்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, அங்கே நான்கு பக்கம் எழுதுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். அந்த நான்கு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

ஒரு மருத்துவமனை நடைபாதையை எடுத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் 3600 மி.மீ. பீம் ஆழம் ஸ்லாபோடு சேர்த்து 600. டைல்ஸும் அடிக்கலவையும் 50. ஆக, தரையிலிருந்து பீமின் அடிமட்டம் 2950. ஃபால்ஸ் சீலிங் 2600-இல் வேண்டும் என்று ஆர்கிடெக்ட் போட்டிருப்பார். சீலிங் சட்டத்துக்கும் போர்டுக்கும் 50 விட்டால் 2650. மிச்சம் 300 மி.மீ. அதற்குள் ஏ.சி. கன்சல்டன்ட் 600-க்கு 300 டக்ட் (காற்றுப் பாதை) காட்டியிருப்பார். மேலும் கீழும் 25 மி.மீ. இன்சுலேஷன் சேர்த்தால் அதுவே 350. ஃபிளேஞ்சும் தாங்கும் ஆங்கிளும் இன்னும் கணக்கில் வரவில்லை. அதே நடைபாதையில் 110 மி.மீ. கழிவுநீர்க் குழாய் 8 மீட்டர் ஓடுகிறது; 80-க்கு 1 சரிவு கொடுத்தால் மறுமுனைக்குள் 100 மி.மீ. இறங்கிவிடும். கேபிள் ட்ரே, ஸ்பிரிங்க்ளர் மெயின், ஆக்சிஜன் லைன் எல்லாம் இதற்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு டிராயிங்கும் தனித்தனியே பார்த்தால் சரி. எல்லாவற்றிலும் அப்ரூவல் சீலும் இருக்கும்.

சைட்டில் இது தெரியவரும்போது கான்கிரீட் போட்டாகியிருக்கும். ஒன்று, கோர் கட்டிங் மெஷின் வந்து பீமுக்குள் இருக்கும் ஸ்டிரப் கம்பி வளையத்தை அறுக்கும். இல்லையென்றால் சீலிங் 2400-க்கு இறங்கும். முன்பே மாடலில் பார்த்திருந்தால் டக்டை 900-க்கு 200 ஆக்கியிருக்கலாம். பரப்பு அதே 0.18 சதுர மீட்டர். இன்சுலேஷனோடு உயரம் 250. தாங்கிக்கு 50 மி.மீ. கிடைக்கும். இதுவும் சும்மா வராது. டக்டின் சுற்றளவு 1.8 மீட்டரிலிருந்து 2.2 ஆகும், தகடு கூடும், உராய்வும் கூடும் என்பதால் ஃபேன் அழுத்தத்தைத் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும். அந்த வேலையை ஏ.சி. கன்சல்டன்ட் மேசையில் உட்கார்ந்து ஒரு மதியத்தில் முடித்துவிடுவார். பீமை அறுத்தபின் எந்த மேசையிலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இப்படி முன்பே மாடலில் பார்ப்பதற்கு மென்பொருளைவிடப் பெரிய தடை நம் டெண்டர் முறைதான். கட்டடத்துக்கு ஒரு டெண்டர், மின்சாரத்துக்குத் தனி, லிஃப்டுக்குத் தனி, ஏ.சி.க்குத் தனி. முதல் ஸ்லாப் போடும்போது ஏ.சி. ஒப்பந்ததாரர் யாரென்றே தெரிந்திருக்காது. “அனைவரும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்” என்று எழுதினால் அந்த அனைவரும் யார்? ஆகவே முதல் மாடலை வடிவமைப்புக் குழுவே, எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லாத பொது இயந்திர அளவுகளை வைத்து, எல்.ஓ.டி. 300-இல், அதாவது அளவும் இடமும் தெளிவாகத் தெரியும்படி, செய்து தர வேண்டும். சீலிங்குக்கு மேலுள்ள உயரத்தையும் அகலத்தையும் பங்கு பிரித்து, டக்டுக்கு இது, குழாய்க்கு இது, ட்ரேக்கு இது என்று எழுத வேண்டும். பின்னால் வரும் ஒப்பந்ததாரர் தன் பங்குக்குள் நிற்க வேண்டும் என்பதை அவரவர் டெண்டரில் நிபந்தனையாக்குங்கள். நடைபாதை, ஷாஃப்ட் (குழாய்கள் மேலேறும் செங்குத்து வழி), பிளான்ட் ரூம், ஆபரேஷன் தியேட்டர் இவற்றுக்கு மட்டும் 350, அதாவது ஹேங்கரும் சப்போர்ட்டும் வரை, கேளுங்கள். வகுப்பறைக்கு 350 கேட்பது வீண் செலவு. 500 என்பது கட்டிய பின் நேரில் அளந்து சரிபார்த்த நிலை. வடிவமைப்பின்போது அதைக் கேட்டால் ஒப்பந்ததாரர் சிரித்துக்கொண்டே சரி என்பார்.

அடுத்தது, மாடல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவது. இதில் சேலத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை நம் மாவட்டத்தின் குறுக்கே போகிறது. மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி பக்கம் யூ.டி.எம். (உலகை 6 டிகிரி மண்டலங்களாகப் பிரித்து, கட்டம் போட்டு, மீட்டரில் இடம் குறிக்கும் முறை) 43-ஆம் மண்டலம், சேலம் நகரம், ஏற்காடு, ஆத்தூர் எல்லாம் 44. சர்வேயர் எந்த மண்டலத்தில் கொடுத்தார் என்பது டிராயிங்கில் எழுதப்படாவிட்டால் எண்கள் முற்றிலும் வேறாகிவிடும். இந்தத் தவறு பெரியது, உடனே கண்ணில் படும். கண்ணில் படாதது வேறு. சேலம் நகரம் மண்டலத்தின் ஓரத்தில் இருப்பதால் யூ.டி.எம். கட்டக்கோடு காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஒருவர் இதிலும் மற்றவர் அதிலும் வரைந்தால், 100 மீட்டர் நீளக் கட்டடத்தின் மறுமுனை ஏறத்தாழ 1 மீட்டர் விலகி நிற்கும். அதே காரணத்தால் யூ.டி.எம். கட்டத்தில் அளந்த 100 மீட்டர், தரையில் டேப் பிடித்தால் 7 செ.மீ.க்கு மேல் குறையும். தூண்களை வைக்கும் கிரிட் கோடுகளுக்கு 7 செ.மீ. விளையாட்டல்ல.

எனவே எழுத வேண்டியது இது: கட்டட மாடல் தரை அளவில், தன் சொந்தப் பூஜ்யப் புள்ளிக்கு அருகில் வரையப்பட வேண்டும். கிரிட் ‘1’-உம் ‘ஏ’-உம் வெட்டும் இடத்தைப் பொதுப் புள்ளியாக வைத்து, அதன் யூ.டி.எம். எண், மண்டலம், கடல்மட்ட உயரம், உண்மை வடக்கிலிருந்து கிரிட் திரும்பியிருக்கும் கோணம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். 12 லட்சம் மீட்டருக்கு மேற்பட்ட வடக்கு எண்ணை அப்படியே கோப்புக்குள் கொண்டுவந்தால் பல மென்பொருள்களில் கோடுகள் நடுங்கும், புள்ளியைப் பிடிக்கும் ஸ்நாப் தவறும். அந்த எண் ஆயத்தொலைவு அமைப்பில் இருக்கட்டும். வரையும் இடத்தில் வேண்டாம்.

உயரத்திலும் இதே கவனம் வேண்டும். சர்வேயர் டி.பி.எம். (தற்காலிக மட்டக்குறி) 100.000 என்று தானாக வைத்துக்கொள்வார். ஆர்கிடெக்டுக்குத் தரைத்தளம் 0.00, ஜி.பி.எஸ். கருவி தரும் நீள்வட்ட உயரமோ (பூமியின் கணித வடிவத்திலிருந்து அளப்பது) இந்தப் பகுதியில் கடல்மட்ட உயரத்தைவிட 80 மீட்டருக்கும் மேல் குறைவாக இருக்கும். சமவெளியில் இதைச் சமாளித்துவிடலாம். ஏற்காட்டுச் சரிவில் முன்பக்கத் தரைத்தளம் பின்பக்கத்தில் இரண்டாம் தளமாகிவிடும். எந்த மட்டத்துக்கு எந்தப் பெயர் என்று முதல் நாளே முடிவாகவில்லையென்றால் தடுப்புச் சுவர் ஒரு மட்டத்திலும் அதன் வடிகால் இன்னொரு மட்டத்திலும் வரையப்பட்டிருக்கும். ஏற்காடு வட்டம் மலைப்பகுதிப் பாதுகாப்பு எல்லைக்குள் வருவதால் வெட்டும் மண், நிரப்பும் மண் கணக்கு பிசகினால் சைட்டோடு நிற்காது, அனுமதிவரை போகும்.

மலைக்கு இன்னொன்று. கம்பி ஆலையிலிருந்து 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அதைப் பெரும்பாலும் மடித்தோ வெட்டியோதான் ஏற்ற வேண்டியிருக்கும். வெட்டினால் ஒரு லேப் (இரண்டு கம்பிகளைச் சேர்க்கும்போது ஒன்றோடொன்று படிந்திருக்கும் நீளம்) கூடும். 16 மி.மீ. கம்பிக்கு 50 மடங்கு விட்டம் என்று வைத்தால் லேப் 800 மி.மீ.; மீட்டருக்கு 1.58 கிலோ வீதம் 1.26 கிலோ. பெரிய கட்டடத்தில் இது டன் கணக்கில் போய் நிற்கும். லேப்புகள் பீம் சந்திப்புகளில் குவிந்தால் கான்கிரீட்டும் இறங்காது. பார் பெண்டிங் ஷெட்யூலை (கம்பி வெட்டி வளைக்கும் பட்டியலை) மாடலிலிருந்து எடுப்பதென்றால், கம்பி எந்த நீளத்தில் மேலே வரும் என்பதை மாடலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மென்பொருளின் பெயரை டெண்டரில் எழுத வேண்டாம். ரெவிட் 2024-இல் சேமித்த கோப்பு ரெவிட் 2023-இல் திறக்காது. ஸ்டீல் வரைபவர் டெக்லாவில் இருப்பார், ஆர்கிடெக்ட் ஆர்கிகேடில் இருப்பார். ஐ.எஸ்.ஓ. 16739 தரப்படி, எந்த ஒரு மென்பொருளுக்கும் சொந்தமில்லாத பொது ஃபார்மட்டான ஐ.எஃப்.சி. கோப்பு கேளுங்கள், எந்தப் பதிப்பு என்பதையும் குறிப்பிடுங்கள். அதைத் திறந்து பார்க்க இலவச வியூவர்கள் உண்டு. சிறிய அலுவலகத்துக்கும் கைக்கு எட்டும். ஐ.எஃப்.சி. பார்ப்பதற்கும், மோதல் (ஒன்றின் இடத்தில் இன்னொன்று இடிப்பது) சோதிப்பதற்கும்தான். அடுத்தவர் மாடலைத் திருத்துவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. குழாய்க்காரருக்கு பீமில் ஓட்டை வேண்டுமென்றால், ஓட்டையின் வடிவத்தை ஒரு பெட்டியாக வரைந்து கோரிக்கையாக அனுப்பட்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இடம் பார்த்து, ஏற்றுக்கொண்டால் தன் மாடலில் ஓட்டை போட்டுச் சுற்றிலும் கூடுதல் கம்பி கொடுப்பார். தாங்கிக்கு அருகில் வெட்டு விசை அதிகமுள்ள இடமென்றால் காரணத்தோடு திருப்பி அனுப்புவார். கேட்டவர் யார், ஒப்புக்கொண்டவர் யார் என்பது பதிவாகிவிடும்.

கோப்புகளை வைக்க 2018-இல் வந்த பிம் தகவல் மேலாண்மைத் தரமான ஐ.எஸ்.ஓ. 19650 நான்கு நிலைகளைச் சொல்கிறது: வேலையில் இருப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகம். தொடக்கத்துக்கு, அனுமதி பிரித்த நான்கு ஃபோல்டர்களும், ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு மாற்ற யாருக்கு உரிமை என்ற ஒரு அட்டவணையும் போதும். வெளியிட்டதில் இல்லாத டிராயிங்கை வைத்துச் சென்டரிங் அடிக்கக் கூடாது. வாட்ஸ்அப்பை யாராலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். “புது ரிவிஷன் வந்திருக்கிறது” என்று தகவல் சொல்ல மட்டும் அது இருக்கட்டும். மேஸ்திரி கையிலிருக்கும் பிரின்டில் ஒரு க்யூ.ஆர். குறி போட்டு, ஸ்கேன் செய்தால் நடப்பு ரிவிஷன் எண் தெரியும்படி செய்துவிட்டால் பழைய தாளை வைத்துக் கட்டும் பிரச்சினை பெருமளவு தீரும்.

மோதல் சோதனையை முதல் தடவை ஓட்டினால் ஆயிரக்கணக்கில் வரும். அந்த எண்ணிக்கையைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், அதை முன்னேற்ற அறிக்கையில் போடவும் வேண்டாம். ஒரே டக்ட் பத்து பீமில் இடித்தால் பத்து மோதல், பிரச்சினை ஒன்று. முதலில் ஸ்ட்ரக்சருக்கு எதிராக டக்டும் சரிவுக் குழாயும். அவை அடங்கியபின் டக்டுக்கு எதிராக மற்றவை. எளிதில் வளையும் 25 மி.மீ. மின்கம்பிக் கான்ட்யூட்டைக் கடைசிக்கு விடுங்கள். தொடாவிட்டாலும் தவறான இடங்கள் உண்டு: மின் பேனலுக்கு முன்னால் 1 மீட்டர் இடம் விதிப்படியே வேண்டும், வால்வுக்குக் கை போக வழி வேண்டும். அந்தக் காலி இடங்களையும் பெட்டியாக வரையச் சொன்னால்தான் சோதனையில் சிக்கும்.

வாரச் சுற்று ஒன்று வையுங்கள். திங்கள் மாலைக்குள் எல்லா மாடலும் வர வேண்டும், செவ்வாய் சேர்த்துச் சோதனை, வியாழன் கூட்டம். ஒவ்வொரு பிரச்சினையும் பி.சி.எஃப். கோப்பில் (மாடல் பிரச்சினைகளைக் குறித்து அனுப்பும் பொது ஃபார்மட்) போகட்டும்: எந்தப் பொருள், எந்தக் கோணம், யார் பொறுப்பு, எந்தத் தேதி. இதில் ஒரு கண்ணி உண்டு. மாடல் வரைபவர் குழாயை நகர்த்தாமல் அழித்துவிட்டு புதிதாக வரைந்தால் அதன் அடையாள எண் மாறிவிடும். பழைய பிரச்சினை அநாதையாகி, தீர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் போகும். ‘அழிக்காதே, திருத்து’ என்று ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள். கூட்டத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரமுள்ளவர் வர வேண்டும். வரைபவரை மட்டும் அனுப்பினால் “சாரிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்பதோடு அந்த வாரம் போய்விடும்.

அளவு பற்றி எச்சரிக்கையாக ஒன்று. மாடல் தரும் அளவை அப்படியே எம்.புக்கில் (பில்லுக்கான அளவுப் பதிவேட்டில்) ஏற்றாதீர்கள். கட்டட வேலையை அளக்கும் முறைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1200 படி, இருபுறமும் ஒரே பூச்சு என்றால் 0.5-க்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கம் மட்டுமே கழிக்க வேண்டும். மாடல் இரண்டு பக்கமும் கழித்துவிடும். 1 மீட்டருக்கு 2.1 மீட்டர் கதவு 100 இருந்தால் 210 சதுர மீட்டர் பூச்சு வித்தியாசம். தணிக்கையில் அதற்குப் பதில் சொல்பவர் நீங்கள்தான். பீமும் ஸ்லாபும் சரியாக இணைக்கப்படாத மாடலில் எதிர்த்தவறு நடக்கும், கான்கிரீட் இரண்டு தடவை எண்ணப்படும்.

பணம். ஒருங்கிணைப்பை பி.ஓ.க்யூ.வில் (வேலை, அளவுப் பட்டியலில்) தனி ஐட்டமாகப் போட்டு, தளத்துக்குத் தளம் கொடுங்கள். ஒரு தளத்தின் சென்டரிங் தொடங்க 21 நாளுக்கு முன் ஸ்லீவ் டிராயிங் (குழாய்கள் போக விடும் ஓட்டைகளின் வரைபடம்) எல்லாக் கையெழுத்தோடும் உறைந்திருந்தால் அந்தத் தளத்துக்கான தொகை. மற்ற ரேட்டுகளுக்குள் அடங்கியது என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள்.

முடிவில் ஒப்படைக்கும் மாடலில் எல்லாத் தகவலும் வேண்டாம். பம்ப், ஃபேன், வால்வு, பேனல், லிஃப்ட் இவற்றுக்கு மட்டும் தயாரிப்பாளர், மாடல் எண், வரிசை எண், வாரன்டி முடியும் நாள், எந்த அறை, எந்த பிரேக்கர் என்ற விவரங்கள் போதும். கடைசித் தவணைக்கு ஒரு சோதனை வையுங்கள். அந்தக் கட்டடத்தின் பிளம்பரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, நீங்கள் சொல்லும் ஐந்து வால்வையும் ஐந்து பிரேக்கரையும் மாடலில் தேடி, நேரில் போய்க் காட்டச் சொல்லுங்கள். பத்தும் சொன்ன இடத்தில் இருந்தால் செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
சேலம், ஏற்காடு பகுதிகளில் மாடல் ஒருங்கிணைப்புப் பணி செய்வோர்