முன்னோடிப் பெண்கள் கண்காட்சிக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் கிளை நூலக வாசகர் வட்டம் மார்ச் மாதத்தில் நடத்திய முன்னோடிப் பெண்கள் கண்காட்சி நல்லபடியாக நிறைவுற்றது. பார்த்தவர்கள் எங்களைப் பாராட்டிச் சென்றார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்து உதவியவர்களுக்கு உரியது என்பதால், அதை உரியவர்களிடம் பொதுவிலேயே சேர்த்துவிட விரும்புகிறோம். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே அவர்கள் செய்த பணியைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் பெண் மருத்துவர், முதல் பெண் பொறியாளர் என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதி ஒட்டுவது எளிது. போட்டித் தேர்வுப் புத்தகங்களில் அத்தகைய பட்டியல் நிறையவே இருக்கிறது. அடைத்திருந்த கதவைத் திறந்து உள்ளே போன பிறகு அந்தப் பெண் என்ன வேலை செய்தார், அது எப்படி நடந்தது, யாருக்குப் பயன்பட்டது, யார் எதிர்த்தார்கள் என்பதைப் பிளஸ் டூ மாணவி ஒருத்தி நின்று படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே எங்கள் ஆசையாக இருந்தது. சிலரை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகச் சொல்வது என்று முடிவு செய்தோம். அதற்குப் புத்தகம் படிப்பவர்கள் மட்டும் போதாது, அந்தந்தத் தொழிலில் கைபழகியவர்கள் வேண்டும்.

முதலில், மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களுக்கு எங்கள் வணக்கம். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான ஏ. லலிதாவுக்கான பலகையை அவரே முன்னின்று அமைத்துக் கொடுத்தார். சென்னையில் 1919-இல் பிறந்த லலிதாவுக்கு 15 வயதில் திருமணம் நடந்தது. 18 வயதில், கைக்குழந்தையோடு இருக்கும்போது கணவரை இழந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த தந்தை பப்பு சுப்பாராவ், கல்லூரி முதல்வரிடம் எடுத்துச் சொல்லி அனுமதி பெற்றுத் தந்ததால், 1940-இல் அக்கல்லூரியில் சேர்ந்தார். விடுதியில் மகள் தனித்து இருப்பதைக் கண்ட தந்தை மற்றப் பெண்களையும் சேர்க்கும்படி வற்புறுத்தினார். லீலாம்மா ஜார்ஜும் பி. கே. தெரேசியாவும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். தெரேசியா பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

இதுவரை நாங்களே எழுதிவிட்டோம். ஆனால் லலிதா கொல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் மின்பாதைகளையும் துணை மின்நிலைய அமைப்புகளையும் வடிவமைத்தார், பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பணிகளிலும் பங்காற்றினார் என்ற வரியை எப்படி விளக்குவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பொறியாளர் ஐயா ஒரு துணை மின்நிலையத்தின் வரைபடத்தைத் தம் கையாலேயே பெரிதாக வரைந்து வந்தார். மின்னழுத்தத்தை உயர்த்தினால் அதே அளவு மின்திறனைக் குறைந்த மின்னோட்டத்தில் அனுப்பலாம், கம்பியில் வெப்பமாக வீணாவது குறையும் என்பதையும், பாதையில் எங்கோ பழுது நேர்ந்தால் ரிலே அதை உணர்ந்து, பிரேக்கர் அந்தப் பகுதியை மட்டும் துண்டிக்கும் என்பதையும் படத்தில் விரல்வைத்துக் காட்டினார். கணவரை இழந்து, மகளை வளர்த்துக்கொண்டே இந்தக் கணக்குகளைப் போட்டவர்தான் 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாட்டுக்குச் சென்று வந்தார் என்று அவர் சொல்லி முடித்தபோது, மாணவிகள் அவரை விடவில்லை. மதிய உணவையும் மறந்து அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சிப் பண்ணையில் பல்லாண்டுகள் உழைத்த பெரியவர். தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1930-களில் நம் கோவையின் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றியவர். நம் ஊர்க்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது. பெரியவர் தடித்த ஆலைக்கரும்பு ஒன்றையும் மெல்லிய காட்டுக் கரும்பு ஒன்றையும் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்றில் இனிப்பு உண்டு, ஆனால் வட இந்தியக் குளிரைத் தாங்காது. மற்றொன்றில் இனிப்பில்லை, ஆனால் எதையும் தாங்கும். இரண்டையும் கலந்து பெற்றவைதான் கோயம்புத்தூரின் பெயரைத் தாங்கிய 'கோ' ரகங்கள். கரணை வைத்து நடுவதால் விவசாயிக்குக் கரும்பின் பூ தேவைப்படுவதில்லை. ஆராய்ச்சியாளருக்கோ பூத்து விதை பிடித்தால்தான் கலப்பே நடக்கும், கோவைத் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிப்பதால்தான் நிலையம் இங்கே அமைந்தது என்று அவர் சொன்னது, இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கும் புதிய செய்தி. அத்தகைய கலப்புகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புல்லினங்களோடும் கலந்து பார்த்தவர். பின்னர் இங்கிலாந்து சென்று, மரபியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு ஒன்றை 1945-இல் வெளியிட்டார்.

மூன்றாவது பகுதிதான் எங்களுக்கு மிகுந்த உழைப்பையும், வெளிப்படையாகச் சொன்னால் மிகுந்த வாக்குவாதத்தையும் தந்தது. இதற்கு இருவருக்கு நன்றி சொல்ல வேண்டும்; கண்காட்சி முடியும்வரை அவர்கள் இருவரும் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை அறியாத தமிழர் குறைவு. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றதையும், அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதையும் பாடப்புத்தகங்களே சொல்லிவிடுகின்றன. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்தபோது, கோயில்களுக்குப் பெண் குழந்தைகளைத் தேவதாசிகளாகப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் எடுத்த முயற்சியின் நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா அவர்கள்தான் அதை எங்களுக்கு விளங்க வைத்தார். அந்தக் குடும்பங்கள் அனுபவித்த மானிய நிலம் கோயில் ஊழியத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணைப் பொட்டுக்கட்டி விடுவதே நிலத்தைத் தக்கவைக்கும் வழியாக இருந்தது. 1929-இல் அறநிலையச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் இந்தப் பிணைப்பை அறுத்து, ஊழியம் செய்யாமலேயே நிலத்தை வைத்துக்கொள்ள வழி செய்தது. பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. வழக்கத்தைத் தடுக்கும் முன் அதற்குக் காரணமான வயிற்றுப்பாட்டைக் கவனித்தது அவருடைய அறிவாற்றலுக்குச் சான்று என்று நான் கருதுகிறேன். மானியம், ஊழியம், பட்டா என்று பழைய கணக்குகளின் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுமையுடன் விளக்கிய ஐயாவுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அதே மரபிலிருந்து வெளியேறி, அதன் கொடுமைகளை 1936-இல் நாவலாகவே எழுதி, 1938-இல் இந்தி எதிர்ப்புக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரையும் அந்தப் பலகையிலேயே சேர்க்கச் சொன்னவரும் அவரே.

அந்தப் பலகையை மட்டும் வைத்தால் தாம் கண்காட்சிக்கு வரப்போவதில்லை என்று சொன்னவர் எங்கள் ஊர் இசை ஆசிரியை அம்மா. கர்நாடக இசைப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கும் சம அளவில் பலகை வைக்க வேண்டும், அதுவும் முத்துலட்சுமி அம்மையாரின் பலகைக்கு நேர் எதிரே வைக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1878-இல் பிறந்த நாகரத்தினம்மாள், அந்தச் சீர்திருத்த முயற்சிக்கு எதிராக மனுக்கொடுத்த தேவதாசிகளின் முன்னணியில் நின்றவர். சொத்துரிமையும் கல்வியும் கலையும் கொண்ட ஒரு சமூகத்தையே விலைமாதர் என்று முத்திரை குத்துவதை அவர்கள் எதிர்த்தார்கள். தெலுங்குக் கவிஞர் முத்துப்பழனியின் காவியத்தை முழுமையாக 1910-இல் பதிப்பித்ததற்காக அரசின் தடைக்கு ஆளானவரும் அவரே. திருவையாற்றில் சிதைந்து கிடந்த தியாகராஜரின் சமாதியிருந்த நிலத்தை வாங்கிக் கோயில் எழுப்பினார். அங்கே நடக்கும் தியாகராஜர் ஆராதனை விழாவில் பெண்கள் பாட இடமில்லை என்ற நிலையில், பெண்களைத் திரட்டித் தனியே விழா நடத்தினார். இன்று அங்கே பாடும் ஒவ்வொரு பெண்ணும் அவருக்குக் கடன்பட்டவர்.

குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழித்ததில் முத்துலட்சுமி அம்மையாரின் பக்கமே என் மனம் நிற்கிறது. ஆயினும், அந்தச் சட்டங்களை ஒட்டி எழுந்த இழிசொல்லில் ஒரு தலைமுறைக் கலைஞர்கள் மேடையையும் பிழைப்பையும் இழந்தார்கள் என்பதும் உண்மை. இசை ஆசிரியை அம்மா வற்புறுத்தியிராவிட்டால் இந்த இரண்டாவது பக்கம் எங்கள் கண்காட்சியில் வந்திருக்காது. பலகை வைத்ததோடு நில்லாமல், மாலையில் அதன் அருகே அமர்ந்து தியாகராஜர் கீர்த்தனைகள் பாடியும் காட்டினார். கல்லூரி மாணவிகள் இரு பலகைகளுக்கும் நடுவே நின்று விவாதித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த தாசில்தார் ஐயா, தம் கட்சியை விட்டுக்கொடுக்காமலேயே, அடுத்த ஆண்டும் அந்த அம்மாவை அழைக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

இடம் தந்து, இரவு வெகுநேரம் கதவைத் திறந்து வைத்திருந்த நூலகர், அடக்க விலைக்கே பலகைகளை அச்சிட்டுத் தந்த அச்சகத்தார், பழைய படங்களைச் செம்மைப்படுத்தித் தந்த ஸ்டுடியோ தம்பி, பிழைதிருத்திய தமிழாசிரியர்கள், மாணவிகளை வரிசையாக அழைத்துவந்த பள்ளித் தலைமையாசிரியர்கள், சுண்டலும் டீயும் தந்து பணம் வாங்க மறுத்த மகளிர் சுயஉதவிக் குழுச் சகோதரிகள் அனைவருக்கும் நன்றி. பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்ல முன்வந்த கல்லூரி மாணவிகள் எழுதி வைத்ததைப் படிக்காமல் தாங்களே கேட்டுத் தெளிந்து பேசினார்கள் என்பதை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும்.

பலகைகள் எல்லாம் இப்போது நூலகத்தில் பத்திரமாக உள்ளன. தங்கள் பள்ளியிலோ ஊரிலோ வைக்க விரும்புவோர் நூலகரிடம் எழுதிக்கொடுத்து எடுத்துச் செல்லலாம், கட்டணம் இல்லை. முத்துலட்சுமி அம்மையாரின் பலகையை எடுப்பவர்கள் நாகரத்தினம்மாளின் பலகையையும் சேர்த்தே எடுத்துச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மிக்க நன்றியுடன்,
வாசகர் வட்டத்தின் சார்பில்,
கண்காட்சி ஒருங்கிணைப்பாளர்