லீவர் ரைஃபிள் வாங்கியவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். லீவர் ரைஃபிள் என்பது விசையைச் சுற்றியுள்ள பிடியை (லீவரை) முன்னால் தள்ளி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி. சென்ற மாதம் மட்டும் அப்படி மூன்று ரைஃபிள்கள் "சிக்குகிறது" என்ற புகாருடன் கடைக்குத் திரும்பி வந்தன. மூன்றும் .357 மேக்னம் என்ற வலுவான ரிவால்வர் தோட்டாவைச் சுடுபவை. மூன்றையும் மேசையில் வைத்துப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றிலும் பழுது இல்லை. பழுது நாங்கள் விற்ற விதத்தில்தான் இருந்தது. பெட்டியைக் கையில் கொடுத்தோம், ரசீது போட்டோம், எந்தத் தோட்டாவைப் போடப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அன்று கேட்டிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறோம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரச் சுற்றுவட்டாரத்திலிருந்து நம் கடைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் கூடிவிட்டதால், அவர்களுக்கென்று இந்த மடல் தமிழில். ஆங்கில விளக்கத்தாளை யாரும் படிப்பதில்லை. ஆங்கிலம் பேசும் அமெரிக்கர்களும் படிப்பதில்லை என்பது எங்கள் அனுபவம்.

கைத்துப்பாக்கித் தோட்டாவை ரைஃபிளில் போடுவது புது யோசனையல்ல. வின்செஸ்டர் 1873 ரைஃபிள் .44-40 தோட்டாவோடு வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1878-இல், கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவுக்கு ரிவால்வர் செய்தது. குதிரையில் போகிறவன் இரண்டு வகைத் தோட்டா சுமக்க வேண்டியதில்லை. இடுப்பில் இருப்பதும் சேணத்தில் இருப்பதும் ஒரே பையிலிருந்து சாப்பிடும். அதன்பின் ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1892 மாடல் வந்தது. பிரேசிலின் ரோசி நிறுவனம் இன்று செய்வது அதன் வழிவந்த துப்பாக்கிதான். மார்லின் நிறுவனத்தின் 1894 மாடல் அதன் சமகாலத்து வேறொரு குடும்பம். .357 மேக்னம் 1935-இலும் .44 மேக்னம் 1955-இலும் ரிவால்வருக்கென்று பிறந்தவை. பழைய லீவர் உடம்புக்குள் அவை பிறகு குடிவந்தன.

ஒஹாயோவில் இந்த ரைஃபிள்களை வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014 வரை இங்கே மான் வேட்டையின் துப்பாக்கிப் பருவத்தில் ஷாட்கன்னே பிரதானம். சாதாரண வேட்டை ரைஃபிளுக்கு இடமில்லை. அந்த ஆண்டிலிருந்து, கழுத்து ஒடுங்காமல் நேராக நிற்கும் கேசுள்ள (குண்டையும் மருந்தையும் தாங்கும் பித்தளைக் கூடு) தோட்டாக்களுக்கு, .357 முதல் .50 வரை, அனுமதி கிடைத்தது. .357 மேக்னமும் .44 மேக்னமும் அந்த வரம்புக்குள் சரியாக உட்காருகின்றன. அதுவரை அலமாரியில் அழகுக்கு நின்ற லீவர் துப்பாக்கிகள் அந்த இலையுதிர் காலத்தில் கடைகளில் காலியாகின.

சரி, ரைஃபிளில் போட்டால் என்ன மாறுகிறது? 158 கிரெயின் (சுமார் பத்து கிராம்) எடைக் குண்டுள்ள .357 தோட்டாவுக்கு, ரிவால்வரில் வினாடிக்கு ஏறக்குறைய 1,235 அடி வேகம் என்று தோட்டாக் கம்பெனிகள் அச்சிடுகின்றன. அதே தோட்டா ரைஃபிளிலிருந்து 1,800 அடியைத் தாண்டும். மேக்னம் தோட்டாவில் இருப்பது மெதுவாக எரியும் வெடிமருந்து. நாலு அங்குலக் குழலில் அது எரிந்து முடிப்பதற்குள் குண்டு வெளியே போய்விடும்; மிச்சம் வாயருகே நெருப்புப் பந்தாகத் தெரியும். பதினெட்டு, இருபது அங்குலக் குழலில் குண்டின் முதுகை அது கடைசிவரை தள்ளிக்கொண்டே இருக்கும். ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள சந்தில் வாயு கசியும். ரைஃபிளில் அந்தச் சந்தும் இல்லை. உதையோ, மூன்று கிலோ கனமுள்ள ரைஃபிளைத் தோளில் வைத்துச் சுடும்போது .357-க்கு ஒரு தட்டுதான். .44 கொஞ்சம் முறைக்கும்.

இனி, மடல் எழுத வைத்த விஷயம்.

.357 ரைஃபிளில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். இரண்டின் குண்டுக்கும் விட்டம் ஒன்றுதான், அங்குலத்தில் ஆயிரத்தில் 357 பங்கு. (பிறகு ஏன் .38 என்று பெயர் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துத் தோட்டாக்களில் குண்டின் வெளிப்பக்கமும் கேசின் வெளிப்பக்கமும் ஒரே அளவில் இருந்தன. பெயர் வைத்தவர்கள் அந்த அளவை வைத்தார்கள். குண்டு சுருங்கிப் போன பிறகும் பெயர் சுருங்கவில்லை.) .357-இன் கேசு .38-ஐவிட மூன்றரை மில்லிமீட்டர் போல நீளம். நீளமாக்கியதே வேண்டுமென்றுதான். .38-க்கென்று செய்த பழைய ரிவால்வரில் இந்த வலுவான தோட்டா நுழைந்துவிடக் கூடாது. ஆகவே பெரியதில் சிறியது போகும். சிறியதில் பெரியது போகாது, போகவும் கூடாது. .44 ஸ்பெஷலும் .44 மேக்னமும் இதே உறவு.

ரிவால்வரில் இந்த மாற்றுச் சௌகரியம் முழுமையாக வேலை செய்யும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி அறை. நீளம் பற்றி யாருக்கும் கவலை இல்லை. லீவர் ரைஃபிளில் தோட்டா பயணம் போக வேண்டும். குழலுக்குக் கீழே உள்ள மேகசின் குழாயிலிருந்து ஸ்பிரிங் பின்னால் தள்ள, தூக்கிப்பலகை அதை மேலே தூக்க, போல்ட் (அறையைப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் துண்டு) முன்னால் வந்து குழலின் அறைக்குள் நுழைக்க வேண்டும். தூக்கிப்பலகை ஒரு குறிப்பிட்ட நீளத்தை எதிர்பார்க்கிறது. தோட்டா மிகக் குட்டையாக இருந்தால் பின்னால் நிற்கும் அடுத்த தோட்டாவின் விளிம்பு உள்ளே எட்டிப் பார்க்கும், அங்கேதான் சிக்கல். திரும்பி வந்த மூன்றில் ஒன்றின் சொந்தக்காரர், குண்டு முழுவதும் கேசுக்குள் புதைந்து முகம் தட்டையாக இருக்கும் வாட்கட்டர் .38-ஐப் போட்டிருந்தார். காகித இலக்கில் அழகான வட்ட ஓட்டை போடும், விலையும் குறைவு, லீவர் துப்பாக்கிக்கு மட்டும் ஆகாது. வட்டமூக்கு அல்லது தட்டைமூக்கு 158 கிரெயின் .38 போட்டுக் கொடுத்தோம். ஐம்பது தோட்டா தடங்கலின்றி ஓடின.

இரண்டாமவரின் கதை வேறு. அவர் போட்டது நல்ல தோட்டா. லீவரை இயக்கிய விதம், கல்யாணப் பட்டுப்புடவையைத் தொடுவதைப் போல. விலை கொடுத்து வாங்கிய பொருள், வலிக்குமோ என்று பாதி இழுத்து, நிறுத்தி, மெல்ல மூடினார். லீவர் அதை மன்னிக்காது. முன்னால் தள்ளும்போது கடைசிவரை போய் முட்ட வேண்டும், அதே வேகத்தில் திரும்பி வந்து கட்டையில் ஒட்ட வேண்டும். கடையிலேயே மருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு இருபது முறை இயக்கிக் காட்டச் சொன்னோம். பதினைந்தாவதில் கைக்குப் பழகிவிட்டது. முகத்தில் ஒரு சிரிப்பு.

மூன்றாவது துப்பாக்கியில் கரி. .38 குட்டை என்பதால் அதன் வாய்க்கு முன்னால் அறையில் ஒரு கரி வளையம் படியும். நூற்றுக்கணக்கில் .38 சுட்டுவிட்டு, சுத்தம் செய்யாமல் நேரே .357-க்கு மாறினால் அந்த வளையத்தில் கேசு இறுகும். சுட்டபின் வெளியே வர அடம்பிடிக்கும். குழல் பிரஷ் அங்கே போதாது. ஒரு அளவு பெரிய, .40-க்கான வெண்கல பிரஷ்ஷை அறைக்குள் மட்டும் விட்டு நாலு சுற்றுத் திருப்புங்கள். மார்லின் வகையில் லீவர் திருகைக் கழற்றினால் போல்ட் வெளியே வரும், பின்பக்கமிருந்தே சுத்தம் செய்யலாம். 1892 வகையில் அவ்வளவு எளிதில்லை. பெரும்பாலோர் வாய்ப்பக்கமிருந்துதான் கம்பி விடுகிறார்கள். அப்படி விடுவதானால் வாயில் பித்தளைக் காப்பு ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். கம்பி உரசி வாய் தேய்ந்தால் குறி போய்விடும்.

தோட்டா நிரப்பும்போது பக்கவாட்டுக் கதவு கட்டைவிரலைக் கடிக்கும். முதல் நாளிலேயே நகத்தில் இரத்தம் கட்டி வந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு தோட்டாவையும் முழுதாக உள்ளே தள்ள வேண்டாம். விளிம்பு வெளியே தெரிய முக்கால் பங்கு தள்ளி விட்டுவிட்டு, அடுத்த தோட்டாவின் மூக்கால் அதைத் தள்ளுங்கள். கதவு மூடவே நேரம் கிடைக்காது, விரலும் தப்பும். கடைசித் தோட்டாவுக்கு மட்டும் விரலைக் கொடுத்தாக வேண்டும்.

கூர்மூக்குக் குண்டு வேண்டாம். குழாய் மேகசினில் தோட்டாக்கள் வரிசையாக, ஒன்றின் மூக்கு முன்னதன் பின்புறக் கேப்பை (அடி பட்டால் மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு) தொட்டபடி நிற்கின்றன. கூர்முனை கெட்டியாக இருந்து, உதையில் மோதினால், குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும். உங்கள் இடது கை அந்தக் குழாயின் மேல்தான் இருக்கும். தட்டைமூக்கு, அல்லது லீவருக்கென்றே ரப்பர் போன்ற மென்முனை வைத்துச் செய்த குண்டு, இரண்டில் ஒன்று. சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ரைஃபிளுக்கென்று காரமாக நிரப்பியதைத் தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள். வீட்டிலுள்ள சின்ன ரிவால்வருக்குள் அது ஒருநாள் தவறிப் போய்விடும்.

தூரத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். நூறு கெஜத்துக்குக் குறி வைத்த .357, இருநூறு கெஜத்தில் ஒன்றரை அடி முதல் இரண்டு அடிவரை கீழே விழும். வேகமும் ரிவால்வரிலிருந்து கிளம்பியதைவிடக் குறைந்திருக்கும். மானுக்கு .357 என்றால் நூறு கெஜத்துக்குள் நில்லுங்கள். .44 என்றால் இன்னும் கொஞ்சம் போகலாம். ஒஹாயோ மரக்காட்டில் அதற்கு மேல் எதுவும் தெரிவதும் இல்லை. மானுக்கு .38 கூடாது. நன்றி நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) அடுத்த திங்களன்று பருவம் தொடங்கும்போது ஆரஞ்சு மேலாடை போடுங்கள். உங்கள் குழாயில் எட்டோ பத்தோ பிடித்தாலும், மான் வேட்டையில் அறையும் குழாயும் சேர்த்து மூன்று தோட்டாதான் என்பதை மறக்காதீர்கள்.

தோட்டாவை வெளியே எடுப்பதில்தான் எங்களுக்குப் பயம். பக்கவாட்டுக் கதவு மட்டும் உள்ள ரைஃபிளில் ஒவ்வொரு தோட்டாவும் அறை வழியாகத்தான் வெளியே வரும். ஒவ்வொரு முறையும் துப்பாக்கி சுடத் தயாராகிறது, தோட்டாவை அடிக்கும் சுத்தியான குதிரை பின்னால் நிற்கிறது. வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, விரலை விசைக்கு வெளியே நீட்டியபடி இயக்குங்கள். கடைசியில் குழாய்க்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். முன்பக்கம் உள்குழாயை உருவும் வசதி உள்ள மாடல் என்றால் தோட்டாக்களை அப்படியே கொட்டிவிடலாம். புதியவர்களுக்கு நாங்கள் அதையே பரிந்துரைக்கிறோம்.

ஒரு சங்கடமான கேள்வியை நாங்கள் கவுண்டரில் கேட்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தில் இதைக் கேட்டிருக்கிறது. சாதாரணக் கேள்வியென்று நினைத்துத் தவறாக நிரப்பினால் அது குற்றம். சுடுதளத்தில் வாடகைக்கு எடுப்பதற்கும் இதே விதிதான். நண்பரின் துப்பாக்கியைக் கொஞ்சம் பிடித்துப் பார்க்கிறேன் என்பதற்கும் விலக்கு இல்லை.

இந்த மாதத்திலிருந்து எங்கள் கடையில் வாங்கும் ஒவ்வொரு லீவர் ரைஃபிளும் போலித் தோட்டாவில் இருபது முறை ஓடிய பிறகுதான் பெட்டிக்குள் போகும். அதில் பத்து முறை வாங்குகிறவர் கையால். ஏற்கெனவே வாங்கியவர்கள், நீங்கள் சுடும் தோட்டாவில் ஒரு பெட்டியோடு சனிக்கிழமை காலை வாருங்கள். துப்பாக்கி காலியாக, லீவர் திறந்தபடி, உறைக்குள் இருக்கட்டும். தோட்டா வேறு பையில். .40 பிரஷ் கையிருப்பு குறைவு. மூன்றாமவர் இரண்டு வாங்கிப் போய்விட்டார்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்