ரெண்டு பிகா நிலம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

டைரக்டர் பிமல் ராயோட 'தோ பிகா ஜமீன்' படத்தை போன வாரம்தான் பாத்தேன், ரெண்டு பிகா நிலம்னு அர்த்தம், பிகாங்கிறது வடநாட்டுல நிலத்த அளக்கற ஒரு அளவு. 1953ல வந்த இந்திப் படம், எனக்கு இந்தி அரைகுறைதான், ஆனா ஹீரோ பல்ராஜ் சாஹ்னி மூஞ்சியப் பாத்தாலே போதும் எல்லாம் புரிஞ்சிடுது. 65 ரூபா கடன்னு நெனச்சிட்டு இருந்த ஏழை விவசாயி அவரு, அவர்கிட்ட பொய்க்கணக்கு காட்டி 235 ரூபாங்கிறாரு ஜமீன்தார், மூணு மாசத்துல கட்டலன்னா நிலம் போச்சு, மனுசன் கல்கத்தாவுக்குப் போயி கை ரிக்‌ஷா இழுக்கறாரு, சின்னப் பையன் ஷூ பாலிஷ் போடறான். அதுல ஒரு சீன், சவாரி வந்த ஆளு இன்னும் வேகமா போ, காசு கூடத் தர்றேன்னு ஏத்திவிட ஏத்திவிட இவரு குதிரை மாதிரி ஓடறாரு, கடைசில சக்கரம் கழண்டு விழுறப்ப எனக்கு தொண்டைய அடச்சிடுச்சு. பாட்டெல்லாம் சலில் சவுத்ரி, அத தனியாவே எழுதலாம். முடிவுல பறிபோன தன் நிலத்துலேர்ந்து ஒரு பிடி மண்ண அள்ளப் போனா, அதையும் கீழ போட வைக்கிறான் காவக்காரன்.

புதுப்பட விமர்சனத்துக்கே பக்கம் பக்கமா குடுக்கறீங்க, இந்த மாதிரி பழைய படத்துக்கும் ஞாயிறு இதழ்ல கொஞ்சம் எடம் ஒதுக்குங்களேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்