ஒரு மேப்ப மட்டும் பாத்து முடிவு பண்ணாத தம்பி

தம்பி, நல்லா இருக்கியாய்யா. அப்பா நல்லா இருக்காங்க, பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுதாங்க. ஞாயித்துக்கெழம நீ ஃபோன் பண்ணல, ஆபீஸ் வேலைன்னு நெனச்சுக்கிட்டேன். அக்கா பேசும்போது வாய் தவறி, நீ சென்னைக்குத் தெக்க பெரும்பாக்கம் பக்கம் வீடு வாங்கப் பாக்குறன்னு ஏதோ சொன்னா, ஒடனே பேச்ச மாத்திட்டா. நானும் கேக்கல. உன் காசு, உன் முடிவு.

ஆனா இத்தன வருஷம் ஜியாக்ரஃபி நடத்துனவளுக்கு ஊர் பேரக் கேட்டாலே மேப்பு தான் கண்ணு முன்னால வருது. மக்கள் நெருக்கம் மேப்ப எடுத்தா, 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுக்கு சதுர கிலோமீட்டருக்கு 555 பேரு, சென்னைக்கு 26 ஆயிரத்துக்கும் மேல. அத மட்டும் பாத்தா இத்தன பேரு இருக்காங்கல்ல, நாமளும் போவோம்னு தான் தோணும். அது மேல தண்ணி போற பாதைய வச்சுப் பாரு. மாடம்பாக்கம், செம்பாக்கம்னு அந்தப் பக்கத்து ஏரி நெறஞ்சா தண்ணி பள்ளிக்கரணை சதுப்புக்குத் தான் வரணும், அங்கேருந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போயி கோவளத்துல கடல்ல சேரணும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழைல தாம்பரத்துல மட்டும் 49 செமீ. அப்ப எங்கெங்க தண்ணி நின்னுச்சுங்கற மேப்பையும் வச்சுப் பாரு. கட்டடம் வந்தா தண்ணி தன் வழிய மறந்துருமாய்யா. மிச்சம் இருக்குற சதுப்ப 2022ல ராம்சார்ங்கற உலக சதுப்புநிலப் பட்டியல்ல சேத்தாங்க, அதுக்கு முன்னால போனது போனது தான்.

ரெண்டு வருஷமா தண்ணி வரலன்னு விக்கிறவங்க சொல்லுவாங்க. தூத்துக்குடி மாவட்டத்த மழை மேப்புல எப்பவும் வறண்ட கலர்ல தான் போடுவோம், சராசரி அப்படி. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செமீ கொட்டுச்சு, அந்த மாவட்டத்துல வருஷம் பூரா பெய்யுறதுக்கும் மேல. சராசரி மேப்பு பொய் சொல்லல, ஆனா அது ஆபத்தக் காட்டுற மேப்பு இல்ல.

இதெல்லாம் உனக்குத் தெரியும். ஒம்பதாங் கிளாஸ்ல திருநெல்வேலி மாவட்டத்துக்கு பச்ச கிரேயான் அடிச்சுக்கிட்டு இருந்தவன் பாதில நிறுத்தி, மலை மேல ஊத்து எஸ்டேட்ல அவ்ளோ மழை, ராதாபுரத்துல பொட்டக்காடு, ரெண்டுக்கும் ஒரே கலராம்மான்னு கேட்ட. டீச்சர்ஸ் ரூம்ல எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லி பெருமப்பட்டேன். அப்படிக் கேட்டவன் இப்ப பில்டர் குடுக்குற கலர் பேப்பர மட்டும் பாக்கலாமா. அக்காகிட்ட சொல்லத் தெரியுது, அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணலையே.

1854ல லண்டன்ல காலரா வந்தப்ப ஜான் ஸ்னோங்கற டாக்டர் செத்தவங்க வீட்ட மேப்புல குறிச்சாரு, ப்ராட் ஸ்ட்ரீட் அடிபைப்பச் சுத்தி தான் சாவு அதிகம். எனக்கு அதுல பிடிச்சது வெறுமையா இருந்த எடம் தான். பக்கத்துலயே இருந்த ஒரு பீர் ஃபேக்டரி ஆளுகளுக்கு ஒன்னும் ஆகல, அவங்க அந்தத் தண்ணியக் குடிக்கல. குறி இல்லாத எடத்தையும் ஏன்னு கேக்கணும். வெள்ள மேப்புல நீ பாக்குற எடத்துல கலர் இல்லன்னா தண்ணி வரலையா, இல்ல அப்ப அங்க வீடே இல்லாததால யாரும் குறிக்கலையான்னு கேளு. நம்ம கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் ஏன் இவ்ளோன்னு மண்ணு மேப்ப மட்டும் பாத்தா புரியுமா, மழை கம்மி, காத்துல ஈரம் இல்லங்கறதையும் சேத்து வச்சா தான புரியும். அது மாதிரி தான் இதுவும், ஒரு மேப்ப மட்டும் பாக்காதய்யா.

சர்வே ஆஃப் இந்தியா பழைய டோபோ ஷீட், அதான் மேடு பள்ளம், ஏரி, ஓடையெல்லாம் காட்டுற மேப்பு, கெடைக்குதான்னு பாரு. அதுல அந்த எடம் நீலமா இருக்கா, சதுப்புக் குறி இருக்கா, பக்கத்துல ஓடை இருக்கா, காண்டூர் கோடு எவ்ளோ ஒசரம் காட்டுதுன்னு பாரு. பாக்க முடியலன்னா சர்வே நம்பர மட்டும் வாட்ஸப்ல போடு, நான் பாக்கறேன். வெல என்னன்னு கேக்க மாட்டேன், லோன் எவ்ளோன்னும் கேக்க மாட்டேன். அப்பாகிட்டயும் சொல்லல.

அட்வான்ஸ் குடுத்துட்டியாய்யா? குடுத்திருந்தாலும் சொல்லு, திட்ட மாட்டேன்.

அம்மா